டிராக்டர் டிரெய்லர் கொக்கி தேய்ந்துவிட்டதா? எதைச் சரிசெய்யலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்?

கரும்பு வெட்டு நடக்கும் ஊர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். வாய்க்கால் பாலத்தை ஒட்டிய மேட்டில் பாரம் ஏற்றிய டிராக்டர் ஏறிக்கொண்டிருந்தது. மேட்டின் பாதியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். டிராக்டர் முன்னால் துள்ளியது. டிரெய்லர் மட்டும் பின்னோக்கி உருண்டு வாய்க்காலில் சாய்ந்தது. கீழே விழுந்த கரும்பைப் பொறுக்கி எடுக்கப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த பையன், யாரோ கூப்பிட்டதால் ஓரமாக ஒதுங்கியிருந்தான். அதனால் பிழைத்தான்.

அறுந்து கிடந்த ஹிட்ச் பின்னைத் தேடி எடுத்துப் பார்த்தோம். 25 மி.மீ. தடிமனாக இருந்த பின், நடுவில் தேய்ந்து உடுக்கை போல இடுப்புச் சிறுத்திருந்தது. அளந்ததில் 19 மி.மீ.தான் மிச்சம். “ரெண்டு வருசமா இதே பின்னுதான் சார், ஒண்ணும் ஆகலையே” என்றார் உரிமையாளர். உண்மைதான். தேய்ந்த பின் ஒவ்வொரு நாளும் ‘ஒன்றும் ஆகாமல்’தான் ஓடும். ஆகும் நாளில் முன்னறிவிப்பு தராது.

டயர், ஆயில், கிளட்ச் ஆகியவற்றைக் கவனிக்கும் அளவுக்கு நாம் டிரெய்லர் இணைப்பைக் கவனிப்பதில்லை. இத்தனை டன் பாரமும் ஒரே ஒரு பின்னை நம்பித்தான் சாலையில் ஓடுகிறது. அதை எப்படிப் பரிசோதிப்பது, எதைப் பட்டறையில் சரிசெய்யலாம், எதை யோசிக்காமல் மாற்ற வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இணைப்பில் உள்ள பாகங்கள்

ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் பாகங்கள் இவைதான்.

1. டிராக்டர் பக்க ஹிட்ச்: டிராக்டரின் பின்புறம் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் இரும்புக் கவ்வி. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, இரண்டிலும் நேருக்கு நேர் துளை இருக்கும்.

2. ஹிட்ச் பின்: இரண்டு துளைகளின் வழியாக மேலிருந்து கீழே இறங்கும் தடித்த பின்.

3. லாக் கிளிப்: பின் மேலே எழும்பி வெளியே வராமல் அடியில் மாட்டும் கிளிப் அல்லது காட்டர் பின்.

4. வளையம்: டிரெய்லர் முனையில் இருக்கும் இரும்பு வளையம். பின் இதன் வழியாகத்தான் செல்லும்.

5. டிரெய்லரின் முன்கட்டை: மாட்டுவண்டியின் ஏர்க்கால் போல, வளையத்தையும் டிரெய்லரின் சட்டத்தையும் இணைக்கும் சேனல் அல்லது முக்கோணச் சட்டம்.

இந்த ஐந்தில் எது பலவீனமாக இருக்கிறதோ, அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான பலம். புதுப் பின் வாங்கிப் போட்டுவிட்டு, வளையத்தில் உள்ள விரிசலைப் பார்க்காமல் விட்டால் பயனில்லை.

ஏன் இவ்வளவு வேகமாகத் தேய்கிறது?

முதல் காரணம், ஆட்டம். கியர் மாற்றும்போதும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் டிரெய்லர் முன்னும் பின்னும் மோதுகிறது. நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் இருப்பதில்லை. இருந்தாலும் வேலை செய்வதில்லை. டிராக்டர் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வரும் பாரம் முழுவதும் பின்னின் மீதுதான் வந்து மோதுகிறது. ஆட்டம் கூடக்கூட அடி பலமாகிறது. அடி பலமாக ஆக, ஆட்டம் இன்னும் கூடுகிறது. அதனால்தான் முதல் 1 மி.மீ. தேய எடுத்துக்கொண்ட காலத்தைவிட, அடுத்த 1 மி.மீ. விரைவாகத் தேய்ந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம், மண். கிரீஸ் தடவிய இடத்தில் மணலும் தூசியும் ஒட்டிக்கொண்டால், அது பின்னை அராவும் பசையாக மாறிவிடும்.

மூன்றாவது, பாரம் ஏற்றும் முறை. இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பங்கு ஹிட்ச் மீது நேராக இறங்குகிறது. மொத்தம் 4 டன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முன்னால் வந்தாலே 800 கிலோ அந்த வளையத்தின் மீது உட்கார்ந்திருக்கும். பாரத்தைப் பின்பக்கம் அதிகமாக ஏற்றினால் நிலைமை தலைகீழாகிறது. முன்கட்டை மேலே எழும்பி, டிராக்டரின் பின் சக்கரங்களில் உள்ள பிடிமானத்தையே குறைக்கும். நான்கு சக்கர டிரெய்லரில் இந்த நேரடிச் சுமை குறைவு. ஆனால் இழுப்பும் மோதலும் அதிகம்.

‘ஒரு மில்லிமீட்டர்தானே’ என்று நினைக்க வேண்டாம்

பின்னின் தடிமன் கொஞ்சம் குறைந்தால் பலமும் அதே அளவு கொஞ்சம்தான் குறையும் என்று நினைக்கிறோம். அது சரியல்ல. உருண்டைக் கம்பி வளையாமல் தாங்கும் பலம், அதன் தடிமனை மூன்று முறை பெருக்கிய கணக்கில் மாறும். 30 மி.மீ. பின்னை எடுத்துக்கொள்வோம்.

- 1 மி.மீ. தேய்ந்தால், வளைவைத் தாங்கும் பலத்தில் சுமார் 10 சதவீதம் போய்விடும்.
- 3 மி.மீ. தேய்ந்தால் சுமார் 27 சதவீதம் போய்விடும்.
- 5 மி.மீ. தேய்ந்தால் சுமார் 42 சதவீதம் போய்விடும்.

வாய்க்கால் மேட்டில் அறுந்த பின்னுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. தேய்ந்து 19 மி.மீ. ஆனபோது, பழைய பலத்தில் 44 சதவீதம்தான் மிச்சம் இருந்தது. சுற்றிலும் சமமாகத் தேய்ந்ததாக வைத்துப் போட்ட கணக்கு இது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் எண் சற்று மாறும். ஆனால் ஒரு பக்கம் பள்ளம் விழுந்த பின்னில் அந்தப் பள்ளத்திலிருந்தே விரிசல் தொடங்கும் என்பதால், அதையும் நம்ப முடியாது.

கழன்று போகும் டிரெய்லரின் வேகத்தையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓடும் டிரெய்லர் எதன் மீதாவது மோதினால், அது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து பாரத்தோடு விழுவதற்குச் சமம். பத்து அடிக்கு ஓர் அடி ஏறும் மேட்டில், 6 டன் எடையுள்ள வண்டி சுமார் 600 கிலோ விசையோடு பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். மேட்டில் பின் அறுந்தால் வண்டி நிற்காது என்பதற்கு இதுதான் காரணம்.

பத்து நிமிடப் பரிசோதனை

மாதம் ஒரு முறையும், அறுவடைப் பாரம் தொடங்கும் முன்பு கட்டாயமாகவும் இதைச் செய்யுங்கள். தேவையானவை: கம்பி பிரஷ், பழைய துணி, கொஞ்சம் டீசல், வெள்ளைச் சுண்ணக்கட்டி, தடிமன் அளக்கும் காலிப்பர். காலிப்பர் இல்லையென்றால் லேத் பட்டறையில் அளந்து தருவார்கள்.

1. காலி டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இரண்டு சக்கர டிரெய்லர் என்றால், முன்கட்டைக்கு அடியில் உறுதியான தாங்கி வைத்த பிறகுதான் பின்னை எடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையோ காலோ வைக்கக் கூடாது.

2. பின்னைத் துடைத்து மூன்று இடங்களில் அளங்கள்: தலைக்குக் கீழே தேயாத இடம், வளையம் உரசும் நடு இடம், அடிப்பகுதி. ஒவ்வோர் இடத்திலும் பின்னைத் திருப்பி இரண்டு திசைகளில் அளங்கள். தேயாத இடத்தின் அளவுதான் பழைய அளவு.

3. பின்னைச் சமமான தரையில் உருட்டிப் பாருங்கள். தடுமாறி உருண்டால் வளைந்திருக்கிறது என்று பொருள்.

4. வளையத்தின் முன்பக்கத் தடிமனையும் பக்கவாட்டுத் தடிமனையும் அளங்கள். இழுவை முன்பக்கத்தில்தான் விழுகிறது. எனவே அங்கேதான் தேய்மானம் அதிகம். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் தேய்மானத்தைக் காட்டிவிடும். வளையமே முன்னும் பின்னும் ஒரே தடிமனில் செய்யப்படாதது என்றால், அதே மாதிரிப் புது வளையத்தோடு ஒப்பிடுங்கள்.

5. ஹிட்ச் கவ்வியின் மேல், கீழ்த் துளைகளைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாக நீண்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தகடுகள் வாய் பிளந்தது போல விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. ஹிட்ச்சை டிராக்டரோடு பிடித்திருக்கும் போல்ட்களை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். போல்ட் தலையைச் சுற்றித் துருப்பொடி கசிந்திருந்தால், அந்த இடம் ஆடிக்கொண்டிருக்கிறது.

7. விரிசல் பரிசோதனை: வளையம் முன்கட்டையோடு சேரும் வெல்டிங் இடத்தையும், கவ்வியின் மூலைகளையும் கம்பி பிரஷால் நன்றாகத் தேயுங்கள். டீசல் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு உலர்ந்த துணியால் முழுவதும் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் சுண்ணக்கட்டியைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் ஊறி வெளியே வந்து, வெள்ளையில் கறுத்த கோடாகத் தெரியும். பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

அளவுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அளக்கும்போது தேய்மானம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

எப்போது கழிக்க வேண்டும்?

பாரம் தூக்கும் சங்கிலிகளையும் ஷேக்கிள்களையும், தடிமனில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தவுடன் கழித்துவிடுவது தொழிற்சாலைகளில் உள்ள வழக்கம். அதே கணக்கை நாமும் வைத்துக்கொள்ளலாம். 30 மி.மீ. பின் அல்லது வளையம் 27 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். 25 மி.மீ. என்றால் 22.5 மி.மீ. எல்லை. டிராக்டர் அல்லது டிரெய்லர் நிறுவனத்தின் கையேட்டில் இதைவிடக் கடுமையான அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

தேய்மானம் குறைவாக இருந்தாலும், விரிசலோ வளைவோ தெரிந்தால் அந்தப் பாகத்தின் கதை முடிந்தது. அன்றைக்கே வேலையை நிறுத்திவிட வேண்டும்.

பின்: மாற்றுவது மட்டுமே வழி

தேய்ந்த பின்னுக்கு வெல்டிங் வைத்து நிரப்பி, லேத்தில் கடைந்து போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இதைச் செய்யாதீர்கள். பின்கள் பெரும்பாலும் நடுத்தரக் கரிமம் உள்ள எஃகில் செய்யப்படுபவை. அதன் மீது சாதாரணமாக வெல்டிங் வைத்தால், வெல்டிங்கை ஒட்டிய பகுதி கண்ணாடி போல இறுகி உடையும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும். உள்ளே நொறுங்கத் தயாராக இருக்கும். ஒரு பின்னின் விலை, பாரம் ஓட்டும் ஒரு நாளின் டீசல் செலவுக்குள் அடங்கிவிடும். அதில் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.

கிடைக்கும் கம்பியைப் பின்னாகப் போடுவதும் ஆபத்து.

- கட்டடக் கம்பி: மேலே வரிகள் இருப்பதால் துளையில் முழுதாகப் படியாது. வரிகளின் மீது மட்டும் பாரம் விழுந்து விரைவாகத் தேயும், வளையத்தையும் அராவும்.
- சாதாரண போல்ட்: மரை உள்ள பகுதியில் தடிமன் குறைவு, மரையின் பள்ளத்திலிருந்துதான் அறுபடும்.
- பழைய ஆக்சில் துண்டு, பேரிங் ஷாஃப்ட்: மிகவும் இறுகிய எஃகாக இருந்தால் வளையாமல் ஒரே அடியில் முறியும். நல்ல பின் முறிவதற்கு முன் வளைந்து நமக்கு எச்சரிக்கை தரும்.

லேத்தில் பின் செய்துகொள்வதாக இருந்தால், ‘ஈ.என். 8’ அல்லது அதற்கு மேற்பட்ட தர எஃகு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மேலே கவ்வித் துளையைவிட அகலமான தலையும், அடியில் கிளிப்புக்கான துளையும் இருக்க வேண்டும். கவ்வித் துளைக்கும் பின்னுக்கும் இடையே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி போதும். பின்னின் தலை எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும். கிளிப் விழுந்தாலும் பின் தன் எடையால் துளையில் நிற்கும். கீழிருந்து மேலே போட்டால், கிளிப் விழுந்த அடுத்த குலுக்கலில் பின்னும் சாலையில் விழும்.

கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி முறுக்குவது, ஆணி செருகுவது வேண்டாம். கிளிப்பைச் சிறு சங்கிலியால் பின்னின் தலையோடு கட்டிவைத்தால் தொலையாது.

வளையம்: மாற்றுவதே நல்லது

வளையத்தின் உட்புறம் பள்ளம் விழுந்தால் வெல்டிங் நிரப்பித் தேய்த்துவிடுவது எளிது என்று தோன்றும். பின்னுக்குச் சொன்ன அதே காரணம் இதற்கும் பொருந்தும். அதோடு, நிரப்பிய இடம் சமமில்லாமல் இருந்தால் புதுப் பின்னை ஒரே பருவத்தில் அரித்துவிடும். எனவே எல்லை தாண்டித் தேய்ந்த வளையத்தை மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது இரண்டு யோசனைகள். உள்ளே தேய்மான புஷ் வைத்த வளையம் கிடைத்தால் வாங்குங்கள். அடுத்த முறை புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். நேரடியாக வெல்டிங் வைப்பதைவிட, முன்கட்டையில் தடித்த தகடு வைத்து போல்ட் போட்டு மாட்டும் வளையம் வசதியானது. பிறகு மாற்றுவதற்கு வெல்டிங் தேவைப்படாது.

ஹிட்ச் கவ்வி: ஓரளவு சரிசெய்யலாம்

துளை சற்று நீண்டிருந்து, தகடு நேராகவும் விரிசல் இல்லாமலும் இருந்தால் சரிசெய்ய இடமுண்டு. கவ்வியை டிராக்டரிலிருந்து கழற்றி, துளையைப் பெரிதாக்கி வட்டமாகக் கடைந்து, எஃகு புஷ் அடித்து, புஷ்ஷின் விளிம்பைச் சுற்றி வெல்டிங் வைக்கலாம். மேல், கீழ்த் துளைகள் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே நேர்கோட்டில் கடைய வேண்டும். இல்லாவிட்டால் பின் சாய்ந்து நின்று ஒரு பக்கமாகத் தேயும்.

துளைக்கு வெளியே உள்ள இரும்பு, புதுக் கவ்வியோடு ஒப்பிடும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் புஷ் அடிக்கவும் இடம் இருக்காது. அப்போது கவ்வியையே மாற்ற வேண்டும். விரிந்துபோன கவ்வியைச் சூடேற்றிச் சுத்தியலால் அடித்து நேராக்குவதும் கூடாது.

முக்கியமான எச்சரிக்கை: டிராக்டரின் பின் ஆக்சில் கூடு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதன் மீது எந்தக் காரணத்துக்காகவும் நேரடியாக வெல்டிங் வைக்கக் கூடாது. கூடு வெடித்தால் செலவு லட்சக்கணக்கில் போகும். கவ்வியை மாட்டும் போல்ட்கள் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்தவையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த போல்ட்டின் எண் என்னவோ, அதைவிடக் குறைந்த தரத்தைப் போடாதீர்கள்.

பட்டறையில் வளையம் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வெல்டருக்குத் தொழில் தெரியும். ஆனாலும் நம் வண்டி, நம் பொறுப்பு. பக்கத்தில் நின்று இவற்றைக் கேளுங்கள்.

1. பழைய வளையத்தை வெட்டும் முன், அதன் மையத்திலிருந்து இடது சக்கர ஆக்சில் முனைக்கும் வலது முனைக்கும் உள்ள தூரத்தை நூல் பிடித்து அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து வளையத்தின் உயரத்தையும் குறியுங்கள். புது வளையம் வைத்த பிறகு இடது, வலது தூரம் சமமாக வர வேண்டும். இல்லாவிட்டால் டிரெய்லர் நண்டு போலப் பக்கவாட்டில் இழுபடும், டயர் தேயும்.

2. வெட்டிய இடத்தில் துரு, பெயின்ட், எண்ணெய், பரிசோதனைக்குத் தடவிய டீசல் எதுவும் இல்லாமல் கிரைண்டர் போட்டுச் சுத்தமான இரும்பு தெரிய வேண்டும். முன்கட்டையின் உள்ளே துரு அரித்திருக்கிறதா என்று பார்க்க இதுதான் நல்ல வாய்ப்பு.

3. தடித்த இரும்பின் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்துப் பள்ளம் எடுத்த பிறகே வெல்டிங் வைக்க வேண்டும். மேலோட்டமாக ஒரு வரி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், பாரம் தாங்காது.

4. இந்த வேலைக்கு 7018 வகை லோ ஹைட்ரஜன் ராடு பொருத்தமானது. ராடு ஈரம் உறிஞ்சியிருந்தால் வெல்டிங்கில் பின்னாளில் விரிசல் வரும். பெட்டியில் எழுதியுள்ளபடி சூடேற்றி உலர்த்திய ராடைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

5. முதலில் நான்கு இடங்களில் புள்ளி வைத்துப் பிடித்து, அளவுகளை மறுபடி சரிபார்த்த பிறகுதான் முழு வெல்டிங். ஒரு பக்கம், மறுபக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தால் இழுத்துக்கொள்ளாது.

6. வெல்டிங் முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கக் கூடாது. தானாக ஆற விடுங்கள். அவசரமாக ஊற்றும் ஒரு வாளித் தண்ணீர் எஃகை உடையும் பதத்துக்குக் கொண்டுபோய்விடும்.

7. டிராக்டரில் இருந்து டிரெய்லரை முழுவதுமாகப் பிரித்துவிட்டுத்தான் வெல்டிங் வேலை தொடங்க வேண்டும். டிப்பர் என்றால் ஹைட்ராலிக் ஹோஸையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். எங்கோ தள்ளி மாட்டினால் மின்சாரம் சக்கர பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும்.

வேலை முடிந்த பிறகு முதலில் காலி வண்டி, அடுத்து அரைப் பாரம் என்று ஓட்டிப் பார்த்து, வெல்டிங் இடத்தை மீண்டும் பரிசோதித்த பின்னரே முழுப் பாரம் ஏற்றுங்கள்.

பாதுகாப்புச் சங்கிலி

பின் அறுந்தாலும் வண்டியை விட்டுவிடாமல் பிடிக்க ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும். முன்கட்டையின் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு சங்கிலிகளை, முன்கட்டைக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்காகக் கொண்டுவந்து டிராக்டரில் மாட்டுங்கள். பின் அறுந்தால் முன்கட்டை தரையில் குத்தாமல் இந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு வேண்டும். தரையில் உரசும் அளவுக்கு வேண்டாம்.

சங்கிலியை ஹிட்ச் பின்னிலேயே மாட்டுவது பயனற்றது. பின் போனால் சங்கிலியும் போய்விடும். டிராக்டரில் தனியான, உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும். மாடு கட்டும் சங்கிலி இதற்கு ஆகாது. 10 மி.மீ. கிரேடு 80 சங்கிலியின் பாதுகாப்பான சுமை 3.15 டன். கண்ணிகளில் 8 அல்லது 80 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் பாரத்துக்கு ஏற்றதை வாங்குங்கள்.

செய்யக் கூடாதவை

- கலப்பை மாட்டும் கீழ்க்கைகளுக்கு இடையே உள்ள துளைப் பட்டையில் பாரம் ஏற்றிய டிரெய்லரை மாட்டிச் சாலையில் ஓட்டாதீர்கள். அது ஏறி இறங்கும், பக்கவாட்டில் ஆடும்.
- டாப் லிங்க் மாட்டும் இடத்தில் ஒருபோதும் இழுவை கொடுக்காதீர்கள். இழுக்கும் இடம் உயரும்போது டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுநர் மீதே கவிழும்.
- டிராக்டரைப் பின்னால் எடுத்துக் கொக்கி மாட்டும்போது டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஆள் நிற்கக் கூடாது. டிராக்டர் முழுவதும் நின்று, பிரேக் போட்ட பிறகுதான் பின்னைப் போட உள்ளே வர வேண்டும்.
- முன்கட்டையின் மீது யாரையும் உட்கார வைத்துப் பயணம் செய்யாதீர்கள். பின் அறுந்தால் முதலில் விழுவது அவர்தான்.

எளிய பராமரிப்பு

தினமும்: பின்னும் கிளிப்பும் இடத்தில் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பாரம் ஏற்றிய பிறகு புறப்படும் முன் இன்னொரு முறை பாருங்கள்.

வாரம் ஒரு முறை: பழைய கிரீஸை மண்ணோடு துடைத்து எடுத்துவிட்டு, மெல்லியதாகப் புது கிரீஸ் தடவுங்கள். பழையதன் மீதே பூசுவது மண்ணைப் பூசுவதற்குச் சமம்.

மாதம் ஒரு முறை: மேலே சொன்ன பத்து நிமிடப் பரிசோதனை.

எப்போதும்: டூல் பெட்டியில் சரியான அளவுள்ள ஒரு பின்னும் இரண்டு கிளிப்பும் கூடுதலாக இருக்கட்டும். கையில் நல்ல பின் இல்லாத நேரத்தில்தான் கட்டடக் கம்பியைத் தேடுகிறோம்.

சந்தேகம் இருந்தால், உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தையோ, மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிக் கேளுங்கள்.

வாய்க்காலில் சாய்ந்த டிரெய்லரின் உரிமையாளர் அன்று மாலையே புதுப் பின் வாங்கினார். அடுத்த வாரம் வளையத்தையும் மாற்றினார். பழைய பின்னை என்னிடம் கொடுத்துவிட்டார். பயிற்சி வகுப்புகளுக்கு அதை எடுத்துச் சென்று கையிலிருந்து கைக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். பார்த்தவர்களில் சிலர் வகுப்பு முடியும்வரை காத்திருக்காமல், எழுந்து போய்த் தங்கள் வண்டியின் பின்னைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். நீங்களும் இன்று மாலை வண்டி வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.